எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேட்டது தவறா?

அரசு மருத்துவக் காப்பீட்டில் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனைகளை அங்கீகரிக்கும் அதிகாரிகளுக்கும், அந்த அங்கீகாரத்தை வாங்கி வைத்திருக்கும் நிர்வாகங்களுக்கும்,

என் அக்கா கையெழுத்துப் போட்டு அனுப்பிய மனுவுக்கு உங்களில் ஒருவர் அனுப்பிய பதில் என் கையில் இருக்கிறது. நாங்கள் கேட்டது ஒரே கேள்வி. அக்கா வீட்டுக்காரருக்கு மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷன் செய்த மருத்துவர், அதற்கு முந்தைய ஆண்டில் அதே ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருந்தார்? வந்த பதில்: மேற்படி மருத்துவமனை திட்டத்தின்கீழ் அங்கீகரிக்கப்பட்டது, மருத்துவர் உரிய கல்வித்தகுதி உடையவர், எனவே கோரிக்கை பரிசீலனைக்கு உரியதல்ல.

இதை வாங்கி ஃபைலில் வைத்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. கேட்டது தனியாள் ரகசியம் இல்லை. ஒரு எண். நீங்கள் பணம் கொடுக்கிற ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் உங்கள் கம்ப்யூட்டரில் பதிவு இருக்கிறது. எடுத்துக் கூட்டிச் சொல்ல ஒரு கிளார்க்குக்கு அரை நாள் போதும்.

நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி சர்ஜரி வார்டில் போனது. மலம் வெளியேற வயிற்றில் பை வைத்தவர்களுக்கு அதை மாற்றவும், சுற்றியுள்ள தோல் புண்ணாகாமல் பார்த்துக்கொள்ளவும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இன்றும் வீட்டுக்குத் தேடி வருகிறார்கள். பல ஆஸ்பத்திரிகளில், பல கைகளில் ஆபரேஷன் ஆனவர்கள். அதனால் ஆபரேஷன் செய்தவர்களே பார்க்காததை நான் பார்க்கிறேன். ஆறு மாதம், ஒரு வருடம், மூன்று வருடம் கழித்து அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்பதை.

எந்த ஆஸ்பத்திரியிலும் தியேட்டர் சிஸ்டரைத் தனியே அழைத்து, “உங்க அப்பாவுக்கு இந்த நோய் வந்தா யாருகிட்ட கொண்டுபோவீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் ஒரு பெயர் சொல்வார். மயக்க மருந்து டாக்டரும் அதே பெயரைத்தான் சொல்வார். யாருடைய நோயாளிக்கு ஐந்தாம் நாள், ஆறாம் நாள் காய்ச்சல் வந்து குடல் இணைப்பு கசியும், யார் எடுக்கிற துண்டு டிரேயில் முழுசாக வரும், யாருடையது பிய்ந்து பிய்ந்து வரும், எல்லாம் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவர், மேசையில் படுக்கப்போகிறவர். அவர் உங்கள் பட்டியலைப் பார்க்கிறார். எந்த ஊருக்கு நேர் பஸ் இருக்கிறதோ அங்கே போய்ச் சேருகிறார்.

அக்கா வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மலத்தோடு ரத்தம் வந்தபோது ஊரில் எல்லாரையும்போல மூலம் என்று நினைத்தார். ‘மூலம், பௌத்திரம்’ என்று போர்டு மாட்டிய இடத்தில் மாத்திரையும் களிம்பும் வாங்கி மாதக்கணக்கில் ஓட்டினார். விரல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு பயிற்சி மருத்துவருக்குத்தான் கடைசியில் தோன்றியது. கொலோனோஸ்கோபியில் ஆசனவாயிலிருந்து ஆறு சென்டிமீட்டர் மேலே கட்டி. இந்தத் தாமதத்தை உங்கள் கணக்கில் நான் எழுதவில்லை.

உங்கள் கணக்கில் வருவது அதன் பிறகு நடந்தது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை. கட்டி, மலக்குடலைச் சுற்றியுள்ள உறையின் ஓரத்தை எத்தனை மில்லிமீட்டர் நெருங்கியிருக்கிறது என்று காட்டுவது அந்த எம்.ஆர்.ஐ. முதலில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துச் சுருக்குவதா, நேரே அறுப்பதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். கதிர்வீச்சு மருத்துவரும் பார்க்கவில்லை, கீமோ மருத்துவரும் பார்க்கவில்லை. அப்ரூவல் வந்தது. அடுத்த வாரமே ஆபரேஷன்.

செய்தவர் நல்ல மனிதர். அவர் பெயரையும் ஆஸ்பத்திரி பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை, கேட்டாலும் சொல்லமாட்டேன். பித்தப்பை, குடலிறக்கம், தைராய்டு, குடல்வால் எல்லாம் செய்கிறவர். நடு ராத்திரி விபத்துக் கேஸ் என்றாலும் ஓடிவருகிறவர். அந்த வட்டாரத்துக்கு அவர் வேண்டும். அவரிடம் இந்த ஆபரேஷனை விட்டது நீங்கள் போட்ட பட்டியல்.

ஆசனவாயையும் சேர்த்து எடுத்து, வயிற்றின் இடது பக்கம் நிரந்தரமாகப் பை வைத்தார்கள். எல்லாத்தையும் எடுத்தாச்சு என்றார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். நெறிக்கட்டிகள் ஐந்து என்றிருந்தது. முன்னதாகக் கரண்ட் வைக்காத ஒருவரின் துண்டில் குறைந்தது பன்னிரண்டையாவது தேடி எடுத்துப் பார்ப்பதுதான் ஒத்துக்கொள்ளப்பட்ட அளவு. சுற்று விளிம்பில், அதாவது வெட்டி எடுத்த துண்டின் வெளி ஓரத்தில், நோய் இருக்கிறதா, இல்லையா? ஒரு வரி இல்லை. உறை கிழியாமல் வந்ததா? அதுவும் இல்லை. இரண்டு வருடம் முடிவதற்குள் மாமாவால் உட்கார முடியாமல் போயிற்று. வால் எலும்புக்கு முன்னால், எடுத்த இடத்திலேயே நோய் திரும்ப வந்திருந்தது. வேறொரு ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. பார்த்த மருத்துவர், வெளியே வந்திருக்க வேண்டிய கொழுப்பில் ஒரு பகுதி உள்ளேயே இருக்கிறது என்றார். யாரையும் குறை சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. இப்போது கரண்ட், கீமோ, மார்ஃபின் மாத்திரை.

நோயே பொல்லாததாக இருந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். இருந்திருக்கலாம்தான். கைதேர்ந்தவர் செய்தும் திரும்ப வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு மாமாவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆகவே, நாற்பது வருடமாக உலகம் எண்ணி எழுதி வைத்திருப்பதைச் சொல்கிறேன்.

மலக்குடல் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் அடியாழத்தில் இருக்கிறது. ஆண்களுக்கு அந்த இடம் இன்னும் குறுகல். குடலைச் சுற்றி ஒரு கொழுப்புறை. நோய் முதலில் பரவும் நெறிக்கட்டிகள் அதற்குள்தான் இருக்கின்றன. அந்த உறையை எங்கும் கிழியாமல் குடலோடு சேர்த்து ஒரே துண்டாக எடுக்க வேண்டும். நுங்கைத் தோல் கிழியாமல் பெயர்த்து எடுப்பது போன்ற வேலை. கிழிந்தால் உள்ளே இருப்பது ஒழுகிவிடும். ஒருகாலத்தில் இதைக் கையை விட்டுத் துழாவிப் பிய்த்து எடுத்தார்கள். நூற்றுக்கு இருபது, முப்பது பேருக்கு அதே இடத்தில் திரும்ப வருவது அன்று சாதாரணம். இங்கிலாந்தில் பேஸிங்ஸ்டோக் என்ற சிறு ஊரில் பில் ஹீல்ட் என்ற சர்ஜன், கண்ணால் பார்த்துப் பார்த்து, கூரிய கருவியால் உறையை ஒட்டியே பிரித்து எடுத்தார். 1986-ல் அவர் வெளியிட்ட கணக்கில் திரும்ப வந்தது நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. பலர் நம்பவில்லை. அதே ஆண்டு லீட்ஸ் நகரில் ஃபில் குவர்க் என்ற நோயியல் மருத்துவர், வெட்டி எடுத்த துண்டுகளைக் குறுக்கே சீவிச் சீவிப் பார்த்தார். 52 பேரில் 14 பேருக்குப் பக்க விளிம்பு வரை நோய் இருந்தது. அந்த 14 பேரில் 12 பேருக்கு இடுப்பிலேயே திரும்ப வந்தது.

உறைக்கு வெளியே ஓடும் நரம்புகள்தான் சிறுநீர் போவதையும் ஆண் பெண் உறவையும் பார்த்துக்கொள்கின்றன. கை தவறினால் அவையும் போகும். எங்கள் ஆண்கள் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். வார்டில் அவர்கள் மனைவிமார்தான் என்னை ஓரமாக அழைத்து, இது சரியாகுமா சிஸ்டர் என்று கேட்பார்கள். எந்தப் புள்ளிவிவரத்திலும் இந்தக் கேள்வியைச் சேர்க்கிறவர்கள் குறைவு.

இனி, செய்யும் கையைப் பற்றி. கிளாஸ்கோவில் ஒரே ஆஸ்பத்திரி, 13 சர்ஜன்கள், 645 பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகள். 1991-ல் வெளிவந்த கணக்கு. முழுமையாக எடுக்கப்பட்டவர்களில் பத்து வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள், ஒரு சர்ஜனிடம் நூற்றுக்கு 20, இன்னொருவரிடம் 63. ஒரே கட்டடம், ஒரே நர்ஸுகள், ஒரே மயக்க மருந்து. கனடாவில் எட்மன்டன் நகரில் 1983 முதல் 1990 வரை நடந்த 683 மலக்குடல் ஆபரேஷன்களை எடுத்துப் பார்த்தார்கள். செய்தவர்கள் 52 சர்ஜன்கள். கிட்டத்தட்டப் பாதி ஆபரேஷன்கள், அந்த எட்டு வருடத்தில் 21-க்கும் குறைவாகவே செய்தவர்கள் கையில் நடந்திருந்தன. அப்படிக் குறைவாகச் செய்தவர்களிடம் நோய் அதே இடத்தில் திரும்பும் ஆபத்து 1.8 மடங்கு. இந்தத் துறைக்கென்று தனிப் பயிற்சி பெறாதவர்களிடம் 2.5 மடங்கு.

பிரிட்டன் முன்னின்று நடத்தி 2009-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், எடுத்த துண்டின் உறை எப்படி இருந்தது என்று தரம் பிரித்தார்கள். உறை முழுசாக வந்தவர்களில் மூன்று வருடத்துக்குள் திரும்பியது நூற்றுக்கு 4. உறைக்குள் கத்தி போயிருந்தால் 7. தசை தெரியும் அளவு கிழிந்திருந்தால் 13. கரண்ட் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தில் 1,800-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வில், நல்ல ஆபரேஷனோடு கரண்டும் சேர்ந்தபோது பலன் கிடைத்தது உண்மை. இரண்டு வருடத்தில் திரும்புவது 8.2-லிருந்து 2.4 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் விளிம்பில் நோயை விட்டுவிட்டு வந்தவர்களுக்குப் பிறகு கொடுத்த கரண்ட் அந்தக் குறையை ஈடு செய்யவில்லை என்று அதே ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இத்தனையையும் வைத்துக்கொண்டு, சின்ன ஆஸ்பத்திரிகளை எல்லாம் மூடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கைவேலை சொல்லிக்கொடுத்தால் வரும். ஸ்டாக்ஹோமில் 1990-களின் நடுவில் ஹீல்டையே வரவழைத்து, தியேட்டரில் நேரடியாகச் செய்துகாட்டி, அங்கிருந்த சர்ஜன்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். முன்பு நூற்றுக்கு 14, 15 பேருக்குத் திரும்பிய நோய் 6 பேருக்காகக் குறைந்தது. ஆசனவாயை எடுத்து நிரந்தரப் பை வைப்பது 55, 60 விழுக்காட்டிலிருந்து 27 ஆனது. அதே ஊர், அதே நோய். நார்வே 1993 இறுதியில் நாடு முழுவதற்கும் ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. பயிற்சி வகுப்புகள் நடத்தியது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் அதன் சொந்த முடிவையும் நாட்டின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியது. பின்தங்கிய சில இடங்கள் தாங்களாகவே இந்த ஆபரேஷனை விட்டுவிட்டன. நெதர்லாந்து ஆய்வில் சேர்ந்த சர்ஜன்கள் தங்கள் முதல் ஐந்து ஆபரேஷன்களை அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்தார்கள். 

இங்கே ஆளில்லை என்று சொல்ல முடியாது. அடையாறு புற்றுநோய் மையம் 1954-ல் தொடங்கியது. புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கான எம்.சிஎச். படிப்பு அங்கே 1984-லேயே வந்துவிட்டது. வேலூர் சி.எம்.சி.யில் பெருங்குடல், மலக்குடலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மாவட்டத் தலைநகரங்களிலும் இந்த வேலையை அழகாகச் செய்யும் இளைஞர்களை நான் அறிவேன். அவர்களில் சிலருக்கு மாதத்தில் இரண்டு கேஸ்கூட வருவதில்லை. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்கும் அதே அங்கீகாரம், அதே தொகை என்றிருக்கும்போது நோயாளி ஏன் அவரைத் தேடப் போகிறார்?

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளில் இரண்டில் நியாயம் உண்டு. எண்ணிக்கை அதிகம் என்பதாலேயே ஒருவர் நன்றாகச் செய்கிறார் என்று ஆகாது. தப்பாகவே நூறு முறை செய்கிறவரும் உண்டு. அதனால்தான் எண்ணிக்கையோடு விளிம்பையும் கேட்கிறேன். இரண்டாவது, கணக்கு வெளியே வரும் என்றால் சிக்கலான நோயாளிகளைத் தொடவே பயப்படுவார்கள் என்பது. அது உண்மையான ஆபத்து. நோயின் நிலை, வயது, வேறு வியாதிகள் இவற்றைக் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும். அதற்கு முறைகள் இருக்கின்றன; நெதர்லாந்தில் 2009-லிருந்து அப்படித்தான் கணக்கெடுக்கிறார்கள். தூரம் என்ற மூன்றாவது மறுப்பை மட்டும் நான் ஏற்கமாட்டேன். மாமா இன்று வலிக்கு வைத்தியம் பார்க்கப் போகும் தூரம், முதல் ஆபரேஷனுக்குப் போயிருக்க வேண்டிய தூரத்தைவிட அதிகம்.

எங்கள் கோரிக்கைகளை இனி வரிசையாகவே எழுதுகிறேன், பதில் எழுத வசதியாக இருக்கும்.

மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷனைப் பொது அறுவை சிகிச்சை அங்கீகாரத்திலிருந்து பிரித்துத் தனி அங்கீகாரம் ஆக்குங்கள். நெதர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி ஆண்டுக்குக் குறைந்தது 20 செய்ய வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இங்கே முதல் ஆண்டே அதை வைத்தால் பல மாவட்டங்கள் காலியாகும் என்றால், குறைவான எண்ணில் தொடங்கி, எந்த ஆண்டுக்குள் 20-ஐ எட்ட வேண்டும் என்று இப்போதே அறிவித்துவிடுங்கள். குடல் அடைத்துக்கொண்டு உயிருக்கு ஆபத்தாக வருகிறவர்களுக்கு இந்த விதி வேண்டாம். அவர்களுக்கு அடைப்பை நீக்க ஒரு பை வைத்து உயிரைக் காப்பாற்றினால் போதும். கட்டியை எடுப்பதை அடுத்து, தக்க இடத்தில் செய்யலாம்.

இடுப்பு எம்.ஆர்.ஐ.யும், சர்ஜன், கதிர்வீச்சு மருத்துவர், கீமோ மருத்துவர், ரேடியாலஜிஸ்ட் சேர்ந்து உட்கார்ந்து பேசிக் கையெழுத்திட்ட குறிப்பும் இல்லாமல் அப்ரூவல் கொடுக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வீடியோவில் பேசிக்கூட இந்தக் குறிப்பை வாங்கலாம்.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் சுற்று விளிம்பு எத்தனை மில்லிமீட்டர், உறையின் தரம் என்ன, எத்தனை நெறிக்கட்டிகள் பார்க்கப்பட்டன என்ற மூன்றும் இல்லாவிட்டால் மருத்துவமனைக்கு இறுதித் தொகையை விடுவிக்காதீர்கள். எடுத்த துண்டை முன்னும் பின்னும் படம் எடுத்து ரிப்போர்ட்டோடு சேர்க்கச் சொல்லுங்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி 2017-ல் மலக்குடல் புற்றுநோய்க்கென்றே கொண்டுவந்த அங்கீகாரத்தில் இந்தப் படமும் உண்டு. செலவில்லாத வேலை. எல்லார் கையிலும் ஃபோன் இருக்கிறது.

நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில், தமிழில், இரண்டு வரிகள் வேண்டும். இந்த மருத்துவர் கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்தார் என்பது ஒன்று. வேண்டுமானால் இதே திட்டத்தில், இதே அட்டையில், வேறெந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்பது இன்னொன்று. போக விரும்புகிறவருக்கும் துணைக்கு ஒருவருக்கும் பஸ் செலவும் தங்குமிடமும் திட்டத்திலேயே கொடுங்கள்.

இந்த ஆபரேஷனைக் கற்றுக்கொள்ள விரும்பும் மாவட்ட சர்ஜன்களுக்கு, அனுபவசாலிகளை அவர்கள் தியேட்டருக்கே அனுப்புங்கள். அந்த நாளுக்கு வருகிறவருக்கும் ஊதியம் கொடுங்கள்.

பை வைக்கப்போகிறவருக்கு, ஆபரேஷனுக்கு முந்தைய நாள் உட்கார வைத்து, நிற்க வைத்து, வேட்டி கட்டும் இடம், பாவாடை நாடா வரும் இடம் பார்த்துப் பேனாவால் குறியிட வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் போதும். செய்யாததால் மடிப்பில் விழுந்த பைகளோடு வருடக்கணக்கில் அல்லாடுகிறவர்கள் என் வீட்டுக்கு வருகிறார்கள். பைக்கான செலவைத் திட்டம் கொடுக்கும் தொகையில் சேர்த்து, நிரந்தரப் பை உள்ளவர்களுக்கு மாதாமாதம் கிடைக்கச் செய்யுங்கள். பிளாஸ்டிக் கவரையும் ரப்பர் பேண்டையும் வைத்துச் சமாளிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கடைசியாக, கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் திட்டத்தில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டு, ரிப்போர்ட்டில் விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் வீட்டில் இருப்பவர்களின் பட்டியலை எடுங்கள். அவர்களுடைய பாரஃபின் பிளாக்குகள், அதாவது மெழுகில் பதித்து வைத்த திசுத் துண்டுகள், ஆய்வகங்களில் இன்னும் இருக்கும். மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அவர்களைக் கூப்பிட்டு, நோய் திரும்புகிறதா என்று பார்க்க உதவும் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனையும் இடுப்பு ஸ்கேனும் திட்டச் செலவிலேயே செய்யுங்கள். இந்த வேலைக்குப் புதிய அரசாணை எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களின் ஃபோன் நம்பர் உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்